மலையில் பணிபுரியும் இளம் மருத்துவர்: வேலை, உறக்கம், ஓய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரிக்குப் பணியாணை பெற்று வரும் புதிய மருத்துவர்களும், பயிற்சி மருத்துவர்களும், அவர்களுடைய பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, இம்மாவட்டத்தின் வட்ட அரசு மருத்துவமனை ஒன்றில் உதவி மருத்துவராக இருக்கும் நான் எழுதிய விடைகள் இவை. சம்பளம், இடமாறுதல், கலந்தாய்வு ஆகியவற்றைப் பற்றி இங்கே எதுவும் இல்லை. வேலை நேரத்திலும் வேலை முடிந்த பிறகும் ஒரு நாள் எப்படிக் கழிகிறது, அதை எப்படிக் கழித்தால் நல்லது என்பதே பொருள்.

ஒரு வேலைநாள் எவ்வாறு செல்கிறது?

காலையில் வார்டு ரவுண்ட்ஸ், பிறகு புறநோயாளர் பிரிவு, பிற்பகலில் புதிய சேர்க்கைகளும் குறிப்பெழுதுதலும், முறை வரும் நாள்களில் அவசரச் சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி என்று, பார்வைக்குச் சமவெளி மருத்துவமனையின் நாளாகவே எங்கள் நாளும் இருக்கும். வேறுபாட்டை உண்டாக்குவது பேருந்து நேரம். ஹட்டிகள் எனப்படும் படகர் சமூகத்தின் சிற்றூர்களிலிருந்தும் எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்தும் வருகிறவர்கள் முதல் பஸ்ஸில் வந்து நண்பகல் பஸ்ஸில் திரும்ப வேண்டியவர்கள். அதை விட்டுவிட்டால் சில ஊர்களுக்கு மாலைவரை வேறு வண்டி கிடையாது. ஆகவே புறநோயாளர் பிரிவில் அமர்ந்ததும் நான் முதலில் செய்வது, வரிசையில் நிற்பவர்களில் ரத்தப் பரிசோதனையோ எக்ஸ்ரேயோ தேவைப்படக்கூடியவர்கள் யார் என்று சிஸ்டரோடு சேர்ந்து ஒரு பார்வை பார்த்து, அவர்களை முன்னதாகவே லேபுக்கு அனுப்பிவிடுவதுதான். விரிவான விசாரிப்பை முடிவுச் சீட்டு கைக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். கல்லூரியில் கற்பித்த வரிசை இதற்கு நேர்மாறானது என்றாலும், இப்படிச் செய்யாவிட்டால் நோயாளி முடிவைப் பார்க்காமலே ஊர் திரும்பிவிடுவார். மறுபடி வருவதற்கு இன்னொரு நாள் கூலியை இழக்க வேண்டும் என்பதால் பலர் வருவதே இல்லை.

தொடர்ந்து எத்தனை மணி நேரம் வேலை செய்ய வேண்டியிருக்கும்? அதற்கு வரம்பு உண்டா?

காகிதத்தில் வரம்பு உண்டு. உறைவிட மருத்துவர்களின் (பயிற்சியோடு பணிபுரியும் ரெசிடென்ட்களின்) தொடர்பணி பொதுவாக நாளொன்றுக்கு 12 மணி நேரத்தையும் வாரத்துக்கு 48 மணி நேரத்தையும் தாண்டக்கூடாது என்று மத்திய அரசின் உறைவிட மருத்துவர் திட்டம் 1992-இலேயே சொல்லிவிட்டது. முதுநிலை மாணவர்களுக்கு நியாயமான வேலை நேரமும், வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும், ஆண்டுக்கு 20 நாள் தற்செயல் விடுப்பும் வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு விதிமுறை கூறுகிறது. அவ்வாணையம் அமைத்த மனநலப் பணிக்குழு 2024-இல் வாரத்துக்கு 74 மணி நேரம் என்ற உச்ச வரம்பைப் பரிந்துரைத்தது. 48 என்று 1992-இல் எழுதிய நாட்டில், முப்பதாண்டுகள் கழித்து 74-ஐ ஒரு முன்னேற்றமாகப் பரிந்துரைக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே நடைமுறை எப்படியிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். உறங்காத மருத்துவரால் நோயாளிக்கும் ஆபத்து என்பதால், இதை மருத்துவரின் வசதியைப் பற்றிய கேள்வியாக மட்டும் பார்ப்பது தவறு என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

மலையில் வரும் நோய்கள் சமவெளியிலிருந்து வேறுபடுமா?

பெரும்பாலும் அதே சர்க்கரை, ரத்த அழுத்தம், பிரசவம், விபத்துதான். ஆனால் மூன்று நான்கு விஷயங்களை இங்கே வந்த முதல் வாரத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது.

முதலாவது உண்ணிக்காய்ச்சல் என்று மக்கள் சொல்லும் ஸ்க்ரப் டைஃபஸ். புதரிலும் புல்லிலும் இருக்கும் ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் இது தொற்றுகிறது. தேயிலை பறிப்பவர்களுக்கும் விறகுக்குச் செல்பவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். பல நாள்களாகக் காய்ச்சல், கடும் தலைவலி, உடல்வலி என்று வரும் பெண்ணிடம், ‘அக்கா, உடம்புல எங்கயாச்சும் கருப்பாப் பொருக்கு கட்டியிருக்குதுங்களா?’ என்று கேட்டால், ‘அப்படி ஒண்ணும் இல்லீங்க டாக்டர்’ என்ற பதில்தான் வரும், ஏனென்றால் அது வலிப்பதில்லை, அரிப்பதும் இல்லை. சிஸ்டர் திரையை இழுத்துவிட்டு, பாவாடை நாடா அழுந்தும் இடுப்பு வரியிலும், மார்பின் அடியிலும், அக்குளிலும், தொடை இடுக்கிலும் பொறுமையாகத் தேடும்போது, சிகரெட் சுட்ட இடம்போல நடுவில் கறுத்து ஓரம் சிவந்த சிறு புண் ஒன்று அகப்படும். அது அகப்பட்டுவிட்டால் லேப் முடிவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. டாக்ஸிசைக்ளின் என்னும் ஆன்டிபயாடிக்கைத் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். காலம் தாழ்த்தினால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

இரண்டாவது, ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் அணு ரத்தசோகை. இந்தியாவில் இந்த மரபுக்கூறு முதன்முதலில் மருத்துவ உலகுக்குத் தெரியவந்தது 1952-இல், நீலகிரியின் பழங்குடி மக்களிடையே நடந்த ஆய்வில்தான். பணியர், குறும்பர், இருளர் குடும்பங்களிலிருந்து வரும் ஒரு பிள்ளை குளிர்மாதங்களில் கைகால் எலும்பெல்லாம் வலிக்கிறது என்று அழுதால், அதை வாதம் என்றோ நடிப்பு என்றோ ஒதுக்கிவிடாமல் இந்நோயை நினைக்க வேண்டும். குளிரும் நீர்ச்சத்துக் குறைவும் அவ்வலியைத் தூண்டும். 2047-க்குள் இந்நோயை ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் 2023 ஜூலையில் தொடங்கியிருப்பதால் பரிசோதனை வசதி முன்பைவிட மேம்பட்டிருக்கிறது.

மூன்றாவது, உறைபனி விழும் மாதங்களில் மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைத்துக்கொண்டு உறங்குபவர்கள். ஒரே அறையில் இருந்த இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, வாந்தி, மயக்கம் என்றால் உணவை மட்டும் சந்தேகிக்கக் கூடாது. கரி எரியும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவுக்கு மணம் இல்லை. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் ஆக்சிஜன் இயல்பாக இருப்பதாகவே காட்டும். அந்த எண்ணை நம்பாமல் உடனே முழு ஆக்சிஜன் கொடுக்க வேண்டும்.

இவற்றோடு தூரமும் ஒரு நோய்க்காரணிதான். உதகையில் மருத்துவக் கல்லூரி வந்த பிறகு நிலைமை எவ்வளவோ மாறியிருந்தாலும், சில அவசரங்களுக்கு இன்னும் கோவைக்கே அனுப்ப வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் ஆம்புலன்ஸ் எந்த வழியாகப் போகும் என்பதும் நோயாளியை எப்போது அனுப்புவது என்ற முடிவின் ஒரு பகுதியாகிவிடும்.

இரவுப் பணி முடிந்ததும் என்ன செய்ய வேண்டும்?

உறங்க வேண்டும். காலையில் மூடுபனி விலகி வெயில் வந்ததும் எங்காவது போகலாம் என்ற ஆசை இங்கே வருகிற எல்லோருக்கும் வரும். முதல் சில மணி நேர உறக்கத்தைக் கொடுத்த பிறகே அந்த ஆசைக்கு இடம் தர வேண்டும். குளிர் பிரதேசத்தில் உறக்கம் எளிது என்று நினைப்பவர்கள், ஈரமேறிய மெத்தையில் பகலில் படுத்துப் பார்க்க வேண்டும். கம்பளியைக் கிடைக்கும் வெயிலிலெல்லாம் உலர்த்துவதும், சன்னலுக்குக் கனத்த திரை போடுவதும், கால்களுக்குக் காலுறை அணிவதும் சிறிய விஷயங்களாகத் தோன்றினாலும் உறக்கத்தைத் தீர்மானிப்பவை அவைதான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இரவுப் பணி முடிந்த கையோடு சொந்த வண்டியை எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்காதீர்கள். கொண்டை ஊசி வளைவுகளில் கண் ஒருமுறை செருகினால் போதும். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வீட்டுக்குப் போயே ஆக வேண்டுமென்றால் அரசுப் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்து உறங்கிக்கொண்டு போங்கள்.

சாப்பாட்டுக்கு என்ன வழி?

கேண்டீன் உண்டு, ஆனால் தானே சமைப்பதுதான் நீண்ட நாளைக்குத் தாங்கும். உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 93 பாகைக்கு முன்பாகவே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பும் கொண்டைக்கடலையும் எளிதில் வேகாது. குக்கர் இல்லாமல் இங்கே குடித்தனம் இல்லை. இட்லி மாவு குளிரில் புளிப்பதில்லை என்பது அடுத்த சிக்கல். இரவுப் பணிக்குக் கிளம்பும்போது மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்படியின் வெதுவெதுப்பான மூலையில் வைத்துவிட்டுப் போனால், காலையில் திரும்பும்போது ஓரளவு பொங்கியிருக்கும். படகர் வீடுகளில் அழைத்தால் மறுக்காமல் போங்கள். அவரைக்குழம்பும் சாமைச்சோறும் எந்தக் கேண்டீனும் தராத உணவு.

ஓய்வு நேரத்தில் எந்த ஆர்வத்தை வளர்த்துக்கொள்ளலாம்?

இக்கேள்விதான் மிக அதிகமாக வருகிறது. என் அனுபவத்திலும் உடன் பணிபுரிபவர்களின் அனுபவத்திலும், மருத்துவமனை வேலையோடு சேர்ந்து நிலைத்து நிற்கும் ஆர்வம் என்பது, எந்த நொடியிலும் பாதியில் விட்டு எழுந்துபோகக் கூடியதாகவும், பல நாள் தொடாமல் இருந்தாலும் மறுபடி எடுக்கும்போது முகம் திருப்பாததாகவும் இருக்க வேண்டும். கிரிக்கெட் அணியில் சேர்ந்தவர்கள் இரண்டு ஞாயிறு வராமற்போனதும் இடத்தை இழந்தார்கள்; பாட்டு வகுப்புக்குப் பணம் கட்டியவர்களுக்கு வகுப்பு நாளெல்லாம் டூட்டி நாளாக அமைந்தது. ஆர்வம் குறைந்ததால் அவர்கள் விட்டுவிடவில்லை. நேரத்தை முன்கூட்டி வாக்களிக்க முடியாத தொழிலில் இருப்பவர்கள் நேரத்தை வாக்களிக்கச் சொல்லும் பொழுதுபோக்கைத் தேர்ந்தெடுத்ததே காரணம்.

அந்த வகையில் பறவை பார்த்தலுக்கு இணையாக எதையும் நான் காணவில்லை. அதற்கு இருநோக்காடி (பைனாகுலர்) ஒன்றும் கால்மணி நேரமும் போதும். நீலகிரியின் உயரமான பகுதிகளில் மட்டுமே வாழும் நீலகிரிச் சிரிப்பான் என்னும் பறவையைக் காணக் காட்டுக்குள் போக வேண்டியதில்லை. குடியிருப்பின் வேலிப்புதரில் முதலில் அதன் உரத்த சிரிப்பொலி கேட்கும், பிறகு செம்பழுப்பு வயிறும் கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவமுமாக அது கிளை தாவும். நீலகிரி ஈப்பிடிப்பான் அமைதியானது. ஒரே கிளையிலிருந்து பறந்து பூச்சியைப் பிடித்துக்கொண்டு மறுபடி அருகிலேயே வந்து அமரும். 2015-இலிருந்து ஆண்டுதோறும் தமிழகம் முழுவதும் பொங்கல் நாள்களில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்தவற்றை ‘ஈபேர்ட்’ தளத்தில் பதிந்தால் போதும் என்பதால், பொங்கலன்று டூட்டியில் இருப்பவரும் தேநீர் இடைவேளையில் அதில் பங்கெடுக்க முடியும்.

வாசிப்பவர்களுக்கு உதகையில் 1859-இல் தொடங்கிய நீலகிரி நூலகம் இருக்கிறது. செடிகொடிகளில் நாட்டம் உள்ளவர்களுக்கு உதகை தாவரவியல் பூங்காவும் குன்னூர் சிம்ஸ் பூங்காவும் உண்டு. சுற்றுலாக் கூட்டம் வருமுன் காலையில் போனால் மரங்களின் பெயர்ப்பலகைகளை நிதானமாகப் படிக்கலாம். குறிஞ்சி 2018-இல் பூத்தது, இனி 2030-இல் பூக்கும். அதுவரை காத்திருக்காமல், அதன் இனத்தைச் சேர்ந்த வேறு செடிகள் வெவ்வேறு ஆண்டுகளில் பூப்பதைத் தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம். முழு நாள் விடுப்பு கிடைத்தால் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு மலை ரயிலில் ஒருமுறை போய்வாருங்கள். 46 கிலோமீட்டர் ஏறும் இப்பாதையில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் பற்களுள்ள தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு நீராவி எஞ்சின் ஏறுவதைப் பார்ப்பது தனி இன்பம்.

மருத்துவ வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களுக்கு இங்கே ஏதேனும் உண்டா?

நிறைய உண்டு; இதை அறியாமல் இங்கே பணிபுரிந்துவிட்டுப் போவது எனக்கு உண்மையில் வருத்தம் தருகிறது. ரொனால்டு ராஸ் 1897-இல் மலேரியாவை ஆராய உதகைக்கு வந்து, சீகூர்ப் பள்ளத்தாக்குப் பகுதிக்கு இறங்கி, அங்கே தாமே அக்காய்ச்சலுக்கு ஆளானார். அதே ஆண்டு ஆகஸ்டு 20 அன்று செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டறிந்தார். குன்னூரின் பாஸ்டர் நிறுவனம் 1907-இல் திறக்கப்பட்டதற்குப் பின்னால், 1902-இல் வெறிநாய்க்கடியால் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண்மணி இறந்த துயரம் இருக்கிறது. அந்நாளில் இந்தியாவில் அதற்கான சிகிச்சை பெற வடக்கே கசௌலி வரை போக வேண்டியிருந்தது. அந்நிறுவனத்தின் ஓர் அறையில்தான் 1918-இல் ராபர்ட் மெக்காரிசன், வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அது வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்து அவர் ஒப்பிட்டபோது, தீட்டிய அரிசியை மிகுதியாகக் கொண்ட நம் பக்கத்து உணவு வளர்ச்சிக்கு மிகவும் பின்தங்கியிருந்தது. ரத்தசோகையோடு வரும் தாய்மார்களுக்கு உணவைப் பற்றி எடுத்துச் சொல்லும்போது இது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். நாய்க்கடியோடு ஒருவர் வந்தால், தடுப்பூசிக்கு முன்பாகவே புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவச் சொல்வதிலும் இந்த மலையின் வரலாறு சேர்ந்தே இருக்கிறது.

காட்டுப்பாதையில் தனியாக நடக்கலாமா?

வனத்துறை அனுமதியில்லாத சோலைக்குள்ளும் காப்புக்காட்டுக்குள்ளும் யாருமே போகக்கூடாது. தேயிலைத் தோட்டத்துச் சாலையில் நடக்கலாம். ஆனால் விடியலுக்கு முன்பும் அந்திக்குப் பின்பும் வேண்டாம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கரடியும் காட்டுமாடும், கூடலூர்ப் பக்கம் யானையும் சாலையில் நிற்பது வழக்கமான செய்தி. மேயும் காட்டுமாடு சாதுவாகத் தெரியும். அதை நம்பிப் படமெடுக்க நெருங்கி, விலா எலும்பு முறிந்து வருபவர்களை நாங்கள் சேர்த்துச் சிகிச்சை தந்திருக்கிறோம். இன்னொன்று, அழைத்தால் உடனே வர வேண்டிய அழைப்புப் பணியில் இருக்கும் நாளில் செல்போன் டவர் எட்டாத பள்ளத்தில் இறங்காதீர்கள். எந்த வளைவில் சிக்னல் போய் எந்த வளைவில் திரும்பி வருகிறது என்பதை ஊர்க்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு நடைவழியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கடையிலும் பேருந்திலும் மக்கள் நோயைப் பற்றிக் கேட்டால் என்ன செய்வது?

சிறிய ஊரில் மருத்துவர் எப்போதும் மருத்துவர்தான். டீக்கடையில் வர்க்கியைப் பிட்டுத் தேநீரில் தோய்க்கும் நேரத்தில், ‘டாக்டர் தம்பி, ஒரு மாசமா இருமல் உடவே மாட்டேங்குதுங்க’ என்று ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து அமர்வார். எரிச்சல் வரலாம். ஆனால் அந்தப் பெரியவர் புறநோயாளர் வரிசையில் வந்து நிற்கவே மாட்டார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை செய்தாக வேண்டும், அது இலவசம் என்று சொல்லி, ‘ஐயா, நாளைக்குக் காலையில வாங்க, நான் இருப்பேன்’ என்று ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தால் அவர் வந்துவிடுவார். மருந்தின் பெயரை மட்டும் கடையில் வைத்துச் சொல்லாதீர்கள். அதிலும் ஆன்டிபயாடிக் பெயரைச் சொல்லவே கூடாது, அது அடுத்த வாரமே ஊர் முழுவதற்குமான மருந்தாகிவிடும். ஓய்வு தேவைப்படும் நாளில், ‘இப்ப டூட்டி முடிச்சு வர்றேனுங்க, நாளைக்குப் பேசலாம்’ என்று மரியாதையாகச் சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

முதுநிலை நுழைவுத் தேர்வுக்குப் படிக்க நேரம் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். அன்று பார்த்த நோயாளியின் நோயை அன்றிரவே புத்தகத்தில் படிப்பவர்கள், தனியாக அட்டவணை போட்டுப் படிப்பவர்களைவிடப் பின்தங்கியதில்லை.

மனம் மிகவும் தளர்ந்தால்?

நோயாளி இறந்த இரவுக்குப் பிறகு அதைப் பற்றிப் பேச ஒருவர் வேண்டும். சமவெளிக் கல்லூரியில் விடுதி நிறைய நண்பர்கள் இருந்திருப்பார்கள். இங்கே குவார்ட்டர்ஸில் மழையும் தனிமையும் மட்டும் இருக்கும் வாரங்கள் உண்டு. அந்த வாரங்களில் அனுபவமுள்ள சிஸ்டர்களிடம் பேசுங்கள். எங்களைவிட அதிக மரணங்களைக் கண்டவர்கள் அவர்கள். உறக்கமின்மையும் நம்பிக்கையின்மையும் தொடர்ந்தால், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். மருத்துவர் என்று சொல்லிக்கொண்டு அழைப்பதில் எந்த வெட்கமும் தேவையில்லை.

பண்டிகைக்கு வீட்டுக்கு வர முடியுமா என்று பெற்றோர் கேட்கிறார்கள்.

எல்லாப் பண்டிகைக்கும் முடியாது. முன்கூட்டிப் பேசிவைத்தால் முக்கியமான ஒன்றிரண்டுக்கு முடியும். கிறிஸ்தவ நண்பருக்காகக் கிறிஸ்துமஸ் டூட்டியையும், படக நண்பருக்காக ஹெத்தை ஹப்பா நாளையும் ஏற்றுக்கொள்பவருக்குப் பொங்கலன்று விடுப்பு கேட்க உரிமை தானாகவே வந்துவிடும். பெற்றோர் இங்கே வருவதாக இருந்தால், 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் தேவை என்பதை அவர்களுக்கு நினைவூட்டுங்கள்.

வரும்போது எதைக் கொண்டுவர வேண்டும்?

நல்ல பிடிமானமுள்ள காலணி, கைவிளக்கு, குக்கர், இருநோக்காடி, அப்புறம் உங்களுக்குப் பழக்கமான ஒன்றிரண்டு பாடநூல்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் பணியிடம் என்றால் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை ஓயாமல் பெய்யும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வரும். எந்தப் பக்கம் என்று பணியாணையில் பார்த்துவிட்டு, மழைக்கோட்டை மட்டும் இங்கே வந்து ஊர்க்காரர்கள் வாங்கும் கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.